உங்களுக்குத் தெரியுமா? ஆறே ஆண்டு வாழ்ந்த ‘திஸ் ஹீட்’

1976-இல் தொடங்கி 1982-இல் முடிந்துபோனது ‘திஸ் ஹீட்’ என்ற லண்டன் ராக் குழு. அது உயிரோடு இருந்தபோது வெளிவந்தவை இரண்டு எல்.பி.க்கள், ஒரு பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு, ஒரு கேசட்டின் ஒரு பக்கம். இவை எவையும் பிரதான விற்பனைப் பட்டியல்களை எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் பரிசோதனை ராக் இசையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், விஷயம் தெரிந்தவர்கள் முதல் வரிசையில் சொல்லும் பெயர்களில் இதுவும் ஒன்று. அந்தக் குழுவைப் பற்றிச் சில துணுக்குகள் இங்கே.

★

குழுவில் மூன்றே பேர். சார்ல்ஸ் ஹேவர்ட் டிரம்ஸ் வாசிப்பார். சார்ல்ஸ் புல்லன் கிதார், கிளாரினெட், வயோலா மூன்றிலும் கை வைப்பார். மூன்றாமவர் கேரத் வில்லியம்ஸ். கீபோர்டு, பாஸ், கிதார் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்வார். மூவருமே பாடுவார்கள், மூவருமே டேப்களை இயக்குவார்கள். தலைவர் என்று ஒருவரும் இல்லை. பாடல்கள் குழுவின் பேரிலேயே வந்தன.

★

கேரத் வில்லியம்ஸ் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது என்பது தெரியுமா? இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். கேட்டுக் கேட்டே வளர்ந்த காது அவருடையது. மற்ற இருவரும் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள். ஹேவர்ட் அதற்குள் ‘குவையட் சன்’ குழுவில் வாசித்து, 1975-இல் ‘மெயின்ஸ்ட்ரீம்’ என்ற எல்.பி.யும் கொண்டுவந்திருந்தார். அந்தக் குழுவின் கிதார் கலைஞர், ‘ராக்ஸி மியூசிக்’ புகழ் பில் மான்சனேரா. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர், வாசிக்கவே தெரியாத ஒருவரைச் சரிசமமாகப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இந்தக் குழு எடுத்த முடிவுகளிலேயே மிகத் துணிச்சலானது இதுதான் என்று நினைக்கிறேன். தெரிந்தவன் விரல் பழகிய தடத்திலேயே போய்விடும். தெரியாதவனின் விரல் எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த இரண்டும் ஒரே அறையில் மோதியதில் பிறந்த ஒலிதான் திஸ் ஹீட்.

★

முதல் மேடை நிகழ்ச்சி 1976 பிப்ரவரி 13. வெள்ளிக்கிழமை. மேலை நாட்டார் பலர் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றாலே அபசகுனம் என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவார்கள். இவர்களோ அன்றுதான் தொடங்கினார்கள்.

★

ஆரம்பகால ஒத்திகைகள் தென் லண்டனின் கேம்பர்வெல்லில், ஹேவர்டின் பெற்றோர் வீட்டில் நடந்தன. டிரம்ஸ் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அந்தப் பெற்றோருக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு.

★

1977 இங்கிலாந்தில் பங்க் இசையின் ஆண்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு நாட்டையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. மூன்றே சுரக்கூட்டுகள், கோபமான குரல், இரண்டு நிமிடப் பாட்டு. திஸ் ஹீட்டிடமும் கோபம் இருந்தது, ஆனால் அதை வெளியிட்ட விதம் வேறு. திடீரென்று பத்து நிமிடம் வெறும் ரீங்காரம், அதை உடைத்துக்கொண்டு வரும் டிரம்ஸ், எங்கிருந்தோ கசியும் டேப் ஒலி. பங்க் ரசிகர்களுக்கு இது பங்க் இல்லை. பழைய புரோகிரஸிவ் ராக் ரசிகர்களுக்கு இது இரைச்சல். ஜாஸ் கேட்பவர்களுக்கோ இது ராக். எந்தக் கடையில் எந்த அலமாரியில் இவர்களை வைப்பது என்ற குழப்பம் கடைசிவரை தீரவில்லை.

★

ஓர் இசைத்தட்டுகூட வெளிவராத குழு, பி.பி.சி. வானொலியில் ஒரே ஆண்டில் இரண்டு முறை ஒலித்தது தெரியுமா? காரணம் ஜான் பீல். ரேடியோ 1-இல் இரவு நிகழ்ச்சி நடத்திய இவர், பெயர் தெரியாத குழுக்கள் அனுப்பிவைக்கும் டேப்களைப் பொறுமையாகக் கேட்பார். பிடித்துவிட்டால் பி.பி.சி. கூடத்துக்கே அழைத்துப் பதிவு செய்யவைப்பார். திஸ் ஹீட்டும் ஒரு டேப் அனுப்பியது. 1977-இல் இரண்டு முறை அழைப்பு வந்தது. முதல் எல்.பி. வெளிவந்ததோ 1979-இல். அந்தப் பதிவுகள் ‘மேட் அவெய்லபிள்’ என்ற பெயரில் தட்டாக வர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

★

இனி ஒரு குளிர் அறைக்கு வருவோம்.

தென் லண்டன் பிரிக்ஸ்டனில் ஏக்கர் லேன் என்றொரு தெரு. அங்கே இறைச்சி பை தயாரித்து மூடிவிட்ட பழைய ஆலை ஒன்று இருந்தது. ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்குப் பணியிடமாக எடுத்துக்கொண்டிருந்த கட்டடம் அது. அதில் இறைச்சி வைத்திருந்த குளிர்பதன அறையைத் திஸ் ஹீட் எடுத்துக்கொண்டது. இயந்திரங்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன. தடித்த சுவரும் கனத்த கதவும் மட்டும் மிச்சம். குளிர் வெளியேறாமல் இருக்கக் கட்டிய சுவர் சத்தத்தையும் வெளியே விடாது. எந்நேரமும் எவ்வளவு சத்தமாகவும் வாசிக்கலாம். அந்த இடத்துக்குக் ‘கோல்ட் ஸ்டோரேஜ்’ என்றே பெயர் நிலைத்தது.

ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருந்தால், தெரிந்ததை வாசித்துவிட்டுக் கிளம்பத்தான் மனம் சொல்லும். சொந்த அறை இருந்தால் ஒரு வாரம் முழுக்கத் தப்பும் தவறுமாக முயன்று பார்க்கலாம், பார்த்ததைப் பதிவு செய்யலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். இந்தக் குழுவின் இசையில் நாம் கேட்கும் சுதந்திரத்தில் பாதி அந்த அறை கொடுத்தது. பெரிய நிறுவனத்தின் முன்பணம் எதுவும் அவர்களுக்கு அப்படியொரு அறையைத் தந்திருக்காது.

★

முதல் எல்.பி.யின் பதிவு 1976 பிப்ரவரியில் தொடங்கி 1978 செப்டம்பர் வரை நடந்தது. கேசட்டில் எடுத்தது, மேடையில் எடுத்தது, ஸ்டுடியோவில் எடுத்தது என எல்லாத் தரத்துப் பதிவுகளும் அதில் உண்டு. சுத்தமான ஒலி, அழுக்கான ஒலி என்ற பேதமே பார்க்கவில்லை.

★

அந்த எல்.பி.யை வெளியிட உதவியவர் டேவிட் கன்னிங்ஹாம். ‘ஃப்ளையிங் லிசர்ட்ஸ்’ என்ற பெயரில் ‘மனி’ என்ற பழைய பாட்டை மிக விநோதமாகப் பதிவு செய்து, 1979-இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்தவர். அவருடைய ‘பியானோ’ நிறுவனத்தில்தான் அதே ஆண்டு திஸ் ஹீட்டின் முதல் தட்டு வந்தது. உறையில் நீலமும் மஞ்சளும் மட்டும். ரசிகர்கள் அதை ‘நீல மஞ்சள் தட்டு’ என்றே அடையாளம் சொல்வார்கள்.

★

தட்டைப் போட்டதும் முதலில் கேட்பது ‘டெஸ்ட்கார்டு’ என்ற மெல்லிய ரீங்காரம். ஊசி சரியாக உட்காரவில்லையோ என்று எழுந்துபோய்ப் பார்க்கத் தோன்றும். அடுத்த நொடி ‘ஹாரிஸான்டல் ஹோல்டு’ வெடிக்கும். பழைய டி.வி. பெட்டியில் படம் கோணலாக இழுத்துக்கொண்டு போகும்போது திருகிச் சரிசெய்யும் குமிழின் பெயர் அது. தூர்தர்ஷன் காலத்தில் டி.வி. பார்த்தவர்களுக்கு, நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் திரையில் நிற்கும் டெஸ்ட்கார்டு படமும் தெரியும், குமிழ்களும் தெரியும்.

★

டேப் லூப் என்றால் என்ன?

காந்த ஒலிநாடாவில் பதிவான சில நொடி ஒலியை வெட்டி எடுத்து, அதன் கடைசி முனையை முதல் முனையோடு ஒட்டிவிட்டால் ஒரு வளையம் கிடைக்கும். அதை டேப் ரெகார்டரில் மாட்டினால் அதே ஒலி நிற்காமல் திரும்பத் திரும்ப வரும். வளையம் நீளமாக இருந்தால் தொய்வு விழாமல் இருக்க மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிடுவார்கள். இன்று கைபேசிச் செயலியில் ஒரு தட்டில் முடிகிற காரியம் இது. அன்று பிளேடும் ஒட்டுநாடாவும் அசாத்தியப் பொறுமையும் வேண்டும்.

திஸ் ஹீட் தன் சொந்த வாசிப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வளையமாக்கியது. அதை 24 தடங்கள் கொண்ட பதிவு இயந்திரம் உள்ள கூடத்துக்கு எடுத்துப்போனார்கள். தடங்களை ஏற்றியும் இறக்கியும், சுருதியை மாற்றும் கருவிக்குள் செலுத்தியும் மிக்ஸிங் மேசையையே ஒரு வாத்தியமாக வாசித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘24 டிராக் லூப்’. ஜமைக்காவின் டப் இசைப் பொறியாளர்கள், குறிப்பாகக் கிங் டப்பி போன்றவர்கள், மிக்ஸிங் மேசையைக் கையாண்ட முறைக்கு இது நெருங்கிய உறவு. பிரிக்ஸ்டன் கரீபியக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த பகுதி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். 1990-களின் தொடக்கத்தில் லண்டன் நடன அரங்குகளில் ஜங்கிள், டிரம் அண்ட் பாஸ் என்று வேகமான துண்டு தாளங்கள் கொண்ட புதிய இசை கிளம்பியது. அதைக் கேட்டவர்கள் பிறகு ‘24 டிராக் லூப்’பைக் கேட்டால் பதிவான ஆண்டை நம்ப மாட்டார்கள். கணினி இல்லாமல், சாம்ப்ளர் இல்லாமல், பத்தாண்டுக்கும் மேல் முன்னதாகவே அந்த ஒலிக்கு அருகில் வந்து நின்றிருக்கிறார்கள்.

★

மேடையிலும் கேசட் இயந்திரங்கள் இருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் டேப்பை ஓடவிடுவார். எது இப்போது வாசிப்பது, எது எப்போதோ பதிவானது என்று எதிரில் நிற்பவர்களுக்குப் பிடிபடாது.

★

1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்தது, வியட்நாம் போர் முடிந்தது. முதல் எல்.பி.யில் ‘தி ஃபால் ஆஃப் சைகோன்’ என்றொரு பாட்டு உண்டு. முற்றுகையில் சிக்கிய அமெரிக்கத் தூதரகத்தில், சாப்பிட வேறு எதுவும் இல்லாமல் தூதரகப் பூனையைத் தின்றுவிடுவதாகக் கற்பனை செய்யும் பாட்டு அது. பாடும் குரலில் பதற்றமே இருக்காது. ஏதோ அன்றாடச் செய்தியை ஒப்பிப்பதுபோல் இருக்கும். அதனால்தான் உடம்பு சிலிர்க்கிறது.

★

கானா நாட்டுத் தாளக் கலைஞர் மாரியோ போயர் டீகுரோவுடனும் இவர்கள் சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் கூட்டு இசைதான் முன்னே சொன்ன கேசட்டின் ஒரு பக்கம். கேசட் 1982-இல் பிரான்ஸிலிருந்து வந்தது. மறுபக்கத்தில் ஆல்பேர் மார்க்கோர் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் இசை.

★

எந்த வேகத்திலும் போடலாம் என்று சொல்லி ஓர் இசைத்தட்டை வெளியிட முடியுமா? 1980-இல் திஸ் ஹீட் அதைச் செய்தது. ‘ஹெல்த் அண்ட் எஃபிஷியன்ஸி’ என்ற பன்னிரண்டு அங்குலத் தட்டின் மறுபக்கத்தில் உள்ள ‘கிராஃபிக்/வேரிஸ்பீடு’ அப்படிப்பட்டது. 33-இல் சுழலவிட்டால் ஓர் இசை. 45-இல் வேறு இசை. பழைய கிராமபோன் வேகத்தில் போட்டால் இன்னொன்று. கேட்பவர் கையிலும் ஒரு முடிவை ஒப்படைத்த தட்டு இது. முன்பக்கப் பாட்டு சூரிய வெளிச்சத்தைக் கொண்டாடுவது. இருண்ட குழு என்று பெயரெடுத்தவர்களிடம் இப்படி ஒரு வெயில் பாட்டு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

★

குழுவின் இரண்டாவது எல்.பி. ‘டிசீட்’. அது பிறந்த காலத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்த எல்.பி.யைக் கேட்பது பாதிக் கேட்பதுதான்.

1979 டிசம்பரில் நேட்டோ நாடுகள் மேற்கு ஐரோப்பாவில் 572 புதிய அணு ஏவுகணைகளை நிறுத்துவதென்று முடிவெடுத்தன. அவற்றில் ஒரு பகுதி இங்கிலாந்து மண்ணுக்கு. 1980-இல் பிரிட்டிஷ் அரசு ‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்ற கையேட்டைக் கடைகளில் விற்பனைக்கு வைத்தது. அணுகுண்டு விழுந்தால் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று அது படம் போட்டு விளக்கியது. வீட்டுக் கதவுகளைக் கழற்றி உள்சுவரில் சாய்த்து வைத்து, அதற்கு முட்டுக்கொடுத்து, அந்தச் சரிவுக்குள் ஒதுங்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பதினான்கு நாளுக்கு உணவும் தண்ணீரும் சேர்த்து வைக்க வேண்டும். சாய்த்து வைத்த கதவு அணுகுண்டை நிறுத்தும் என்று அரசாங்கமே சொல்கிறது! இதைப் படித்துவிட்டு இரவில் தூங்கப்போன தலைமுறை அது. வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ஸன் அந்தக் கையேட்டுக்கு மறுப்பாகவே ஒரு சிறு நூல் எழுதினார்.

அந்த அச்சத்துக்குள் உட்கார்ந்து உருவாக்கிய இசைதான் 1981-இல் ‘ரஃப் டிரேட்’ வெளியிட்ட ‘டிசீட்’. உறையில் அலறும் ஒரு முகம், அதன் மேல் அணுகுண்டு மேகமும் அரசியல்வாதிகளும் ஒட்டிய படத்துண்டுகள். உள்ளே ஒலிப்பதும் அதுவே. பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று தரை விலகும். ‘மேக்‌ஷிஃப்ட் ஸ்வாஹிலி’ என்ற பாட்டு தெளிவான பதிவிலிருந்து கரகரக்கும் மேடைப் பதிவுக்குத் தாவும் இடத்தைக் கேட்டுப்பாருங்கள். வேறு யாராவது இருந்தால் ஒலித்தரம் மோசம் என்று தூக்கி எறிந்திருப்பார்கள். இவர்களுக்கு அந்தக் கரகரப்பே பாட்டின் உச்சம்.

★

அந்த எல்.பி.யின் முதல் பாட்டு ‘ஸ்லீப்’ ஒரு தாலாட்டு. விளம்பர வாசகங்களைக் கோத்துச் செய்த தாலாட்டு. ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற பாட்டின் வரிகளோ 1776-ஆம் ஆண்டு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திலிருந்து எடுத்தவை. பிரகடனத்தின் கம்பீரமான சொற்களைச் சோர்ந்த குரலில் பாடும்போது, அந்தச் சொற்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி தானாக எழுகிறது. ‘எஸ்.பி.க்யூ.ஆர்.’ பண்டைய ரோமாபுரியின் முத்திரை எழுத்துகள். பேரரசுகள் செத்தும் சாவதில்லை என்பது அந்தப் பாட்டின் வாதம். ‘சென்டோஃப்’ லண்டன் வைட்ஹாலில் நிற்கும் போர் நினைவுச் சின்னம். கடைசிப் பாட்டின் தலைப்பு அணுகுண்டால் வரும் நோயைச் சொல்கிறது. 

இத்தனை அரசியல் இருந்தும் ஒரு கோஷம்கூட இல்லை. அரசியல் பாட்டு எழுதுகிறவர்கள் இந்த எல்.பி.யை ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

★

வாசிக்கத் தெரியாமல் வந்து சேர்ந்த கேரத் வில்லியம்ஸ், ‘டிசீட்’ முடிந்தபின் குழுவை விட்டு எங்கே போனார் தெரியுமா? கேரளத்துக்கு. கதகளி கற்றுக்கொள்ள!

ரசிகர்கள் இதை ஒரு விநோதச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கதகளியை நேரில் பார்த்த நமக்கு இது விநோதமாகப் படாது. விடிய விடிய நடக்கும் ஆட்டம். செண்டையும் மத்தளமும் காதுக்குள் புகுந்து நெஞ்சை அதிரவைக்கும். ஆடுகிறவர் வாய்திறந்து பாட மாட்டார், பின்னால் நிற்பவர்கள் பாடுவார்கள். ஒரு கண்ணசைவுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி. நேரம், தாளம், முகம் மூன்றையும் பற்றி ஒருவன் அடிப்படையிலிருந்து கேள்வி கேட்க விரும்பினால் அவன் போய்ச்சேரத் தகுந்த இடம்தான் அது. கேரத் போனது தப்பித்தலுக்காக அல்ல, கற்றலின் அடுத்த வகுப்புக்கு என்றே எனக்குப் படுகிறது.

★

கேரத் போனபின் ஹேவர்டும் புல்லனும், டிரெவர் கொரான்வி, இயன் ஹில் என்ற இருவரைச் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவில் ஒரு கடைசிச் சுற்றுப்பயணம் செய்தார்கள். 1982-இல் குழு கலைந்தது.

★

கலைந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹேவர்டும் கொரான்வியும், ஸ்டீபன் ரிக்கர்டு என்பவருடன் சேர்ந்து ‘கேம்பர்வெல் நவ்’ குழுவைத் தொடங்கினார்கள். புல்லன் ‘லைஃப்டோன்ஸ்’ என்ற பெயரில் 1983-இல் ‘ஃபார் எ ரீஸன்’ தட்டைக் கொண்டுவந்தார். ரெகே தாளத்தில் தோய்ந்த, அமைதியான அழகு கொண்ட தட்டு அது. திஸ் ஹீட் காதுக்கு முரட்டுத்தனமாகப் படுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

★

இந்தியாவிலிருந்து திரும்பிய கேரத், மேரி கரி என்பவருடன் சேர்ந்து ‘ஃப்ளேமிங் டியூன்ஸ்’ என்ற கேசட்டை 1985-இல் வெளியிட்டார். வீட்டிலேயே பதிவு செய்தது போன்ற நெருக்கமான, மென்மையான இசை. ‘டிசீட்’டின் அலறலுக்குச் சொந்தக்காரரா இவர் என்று கேட்கத் தோன்றும்.

★

இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டவர் பலர் கையில் ‘ரஃப் கைடு’ வழிகாட்டி நூல் இருக்கும். 1990-களில் வந்த அதன் இந்தியப் பதிப்பின் ஆசிரியர்களுள் கேரத் ஜான் வில்லியம்ஸும் ஒருவர். அதே கேரத்தான்.

★

2001-இல் மூவரும் மறுபடி கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரிலேயே கேரத் புற்றுநோயால் இறந்தார். ராக் வரலாற்றில் மறு இணைப்புகள் ஏராளம், பெரும்பாலும் பணத்துக்கானவை. நடந்திருக்க வேண்டிய ஒன்று இப்படிப் போனது பெரிய துக்கம்.

★

2006-இல் ‘அவுட் ஆஃப் கோல்ட் ஸ்டோரேஜ்’ என்ற பெயரில் குழுவின் பதிவுகள் ஒரே பெட்டியாக வந்தன. 2016-இல் எல்.பி.க்கள் மறுபதிப்பாயின.

அதே 2016 பிப்ரவரியில், முதல் நிகழ்ச்சி நடந்து சரியாக நாற்பது ஆண்டு நிறைந்தபோது, ஹேவர்டும் புல்லனும் லண்டன் கஃபே ஓட்டோ அரங்கில் பழைய பாடல்களை மேடையேற்றினார்கள். ‘சோனிக் யூத்’ குழுவின் தர்ஸ்டன் மூர் போன்றவர்கள் உடன் வாசித்தார்கள். பழைய பெயரைப் போட்டிருந்தால் டிக்கெட் இன்னும் வேகமாக விற்றிருக்கும். கேரத் இல்லாமல் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள இருவரும் ஒப்பவில்லை. ‘திஸ் இஸ் நாட் திஸ் ஹீட்’ என்று பெயர் வைத்தார்கள். இது திஸ் ஹீட் அல்ல என்று அவர்களே அறிவித்துவிட்டு 2019 வரை வாசித்தார்கள். இறந்துபோன நண்பனுக்கு இதைவிட நேர்மையான மரியாதையை நான் அறிந்ததில்லை.

★

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ‘24 டிராக் லூப்’, பிறகு ‘டிசீட்’ முழுவதையும் ஒரே மூச்சில். கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதி ஒலி காதுக்கு எட்டவே எட்டாது. நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவை பிடிக்காவிட்டால் ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள்.